முன் சக்கரத்துப் பருந்து

போட்டோகிராபர் ஓடிக்கொண்டிருந்தான்.

கழுத்தில் தொங்கிய காமிரா ஒவ்வொரு எட்டுக்கும் நெஞ்சில் இடித்தது. வலது கைக்குள் மெமரி கார்டு. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சமாசாரம். அதற்காகத்தான் இந்த ஓட்டம்.

பின்னால் இரண்டு ஜோடிக் கால்கள்.

அது அடுக்குமாடி கார் பார்க்கிங்கின் சரிவுப் பாதை. மொட்டை மாடியில் கிளம்பி, ஒவ்வொரு தளத்தையும் சுற்றி வளைந்து கீழே இறங்கும். அடுத்த வளைவில் யார் நிற்கிறார்கள் என்று ஓடுகிறவனுக்குத் தெரியாது.

"கார்டைக் குடுத்துட்டு ஓடுடா..."

குரல் சிமெண்ட் சுவர்களில் முட்டி நாலு பக்கத்திலிருந்தும் வந்தது.

அவன் கொடுப்பதாக இல்லை. மூன்றாவது தளத்தின் வளைவில் திரும்பினான். பாதையை மறித்து ஒரு கயிறு கட்டியிருந்தது. கவனிக்கவில்லை. தடுக்கி, உருண்டு, ஒரு ஜோடி பூட்ஸ்களுக்கு முன்னால் போய் விழுந்தான்.

நிமிர்ந்தான்.

பூட்ஸ்களுக்கு மேலே ஒரு பெண் இன்ஸ்பெக்டர்.

"பாத்து," என்றாள். "இன்னும் ரெண்டடி உருண்டிருந்தா பொணத்து மேல விழுந்திருப்பீங்க."

திரும்பிப் பார்த்தான். வெள்ளைத் துணி. அதற்கு வெளியே ஒரே ஒரு ஷூ... பழுப்பு நிறத்தில், வார் அவிழ்ந்து.

பல் டாக்டரின் ஷூ.

பல் டாக்டர்தான் கார் பிரியர்கள் சங்கத்தின் தலைவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரில் உள்ள விலையுயர்ந்த வெளிநாட்டு கார்கள் எல்லாம் இந்த மொட்டை மாடிக்கு வந்து வரிசையாக நிற்கும். சொந்தக்காரர்கள் அடுத்தவர் காரைப் பாராட்டியபடியே உள்ளுக்குள் எரிவார்கள். போட்டோகிராபர் ஒவ்வொன்றாகப் படம் எடுப்பான்; கூப்பிட்டால் வீட்டு ஷெட்டுக்கே போயும் எடுப்பான். கடைசியில் எல்லா கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக இன்ஜினை உறுமவிட்டு, முடிவில் ஒரேயடியாகச் சேர்ந்து உறுமும். கட்டடமே அதிரும்.

இன்று அந்த உறுமலின் நடுவில்தான் டாக்டரை ஒரு கார் அடித்துத் தூக்கிப் போட்டிருந்தது.

சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

கிடந்தவரை முதலில் பார்த்தது வாட்ச்மேன். அவன் அலறி, போனை எடுத்து, போலீஸுக்குச் சொல்லி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் சரிவில் ஏறி வந்துவிட்டாள். பக்கத்தில்தான் இருந்தேன் என்றாள். பக்கத்தில் ஏன் இருந்தாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

துரத்தியவர்கள் கயிற்றருகே வந்து சடாரென்று நின்றார்கள்.

முதல் ஆள் மார்பிள்காரர். பளிங்குக்கல் கடை முதலாளி. மூச்சு வாங்கியதில் அவர் வயிறு தனியாக ஏறி இறங்கியது. பின்னால், சிவப்பு ஜாக்கெட்டில், அவர் மனைவியின் தம்பி. சங்கத்தில் எல்லாருக்குமே அவன் 'மச்சினன்'தான். எல்லா கார்களையும் ஏற்றி இறக்கி நிறுத்துவது, கழுவக் கொண்டுபோவது, வீட்டில் விடுவது அவன் வேலை.

"மேடம், இவங்க என்னைக் கொன்னுடுவாங்க," என்றான் போட்டோகிராபர்.

"ஏற்கெனவே ஒண்ணு கெடக்கு. அது முடியட்டும். வரிசைல வாங்க."

"அந்தக் கொலையைப் பண்ணவனே இவன்தான் மேடம்." அவன் விரல் சிவப்பு ஜாக்கெட்டை நோக்கி நீண்டது. "போட்டோ இருக்கு. அதைப் புடுங்கத்தான் ரெண்டு பேரும் துரத்தறாங்க."

மச்சினன் கயிற்றைத் தாண்டப் போனான். ஏட்டு அவன் மார்பில் கை வைத்து நிறுத்தினார்.

"சும்மா விடுங்க சார், ஒரே ஒரு அறை."

"கையை இறக்கு," என்றாள் இன்ஸ்பெக்டர். "போட்டோல தப்பா ஒண்ணும் இல்லேன்னா எதுக்குடா துரத்தினே?"

பதிலை மார்பிள்காரர் சொன்னார். படத்தில் இருப்பது தன்னுடைய கார். அது வெளியே போனால் தன் மானமும் கூடவே போய்விடும். அதனால்தான் ஓடி வந்தாராம். மச்சினனைக் காப்பாற்ற ஓடி வந்ததாக அவர் சொல்லவில்லை. நினைத்ததாகவும் தெரியவில்லை.

அடித்தது அவருடைய மஞ்சள் கார்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தரையை ஒட்டிப் பதுங்கும் அந்தக் காரின் முன் பம்பருக்கு அடியில் நீளும் உதட்டிலிருந்து உடைந்த ஒரு கறுப்புத் துண்டு, டாக்டரின் தோளுக்கு அடியில் கிடந்தது. ஏட்டு மேலே நாலாவது தளத்துக்குப் போய்ப் பார்த்தபோது, மஞ்சள் கார் ஒரு தூண் ஓரமாகத் தனியாக, பல் விழுந்த வாயோடு நின்றுகொண்டிருந்தது.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று.

ஓட்டியது யார்?

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

மார்பிள்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இவன்கிட்ட. காலைல நிறுத்தினதுலேருந்து இவன்கிட்டதான்."

"மாமா..."

"என்னடா மாமா? உண்மையைத்தானே சொல்றேன். என் பாக்கெட்ல இருந்துச்சா?"

மச்சினன் ஜாக்கெட் பைக்குள் கை விட்டு சாவியை எடுத்தான். கார்கள் உறுமும்போது நீ எங்கே இருந்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள். பாத்ரூமில் என்றான். யாராவது பார்த்தார்களா என்று கேட்டாள். பாத்ரூமில் ஆள் வைத்துக்கொண்டு போகிற பழக்கம் தனக்கு இல்லை என்றான்.

"நக்கல் நல்லா வருது. உள்ள போனப்புறமும் வருதான்னு பாக்கலாம்."

அவன் சாவியை ஏட்டின் கையில் வைத்தான்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கடந்த சில மாதங்களில் சங்கத்து கார்கள் மூன்று காணாமல் போயிருந்தன. மூன்றுமே அவரவர் வீட்டு ஷெட்டிலிருந்து. கதவு எங்கே, பூட்டு எப்படி, நாய் எந்தப் பக்கம் என்று உள்ளுக்குள் தெரிந்த யாரோ திருடர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். 'துப்புக் கொடுப்பவன் யார் என்று எனக்குத் தெரியும்... நாளை கூட்டத்தில் பேரைச் சொல்கிறேன்' என்று டாக்டர் நேற்று சங்கத்தின் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்.

சொல்வதற்குள் துணி போர்த்திவிட்டார்கள்.

எல்லார் வீட்டு ஷெட்டுக்குள்ளும் போய் வருகிறவன் யார்? மொட்டை மாடியில் நின்ற அத்தனை பேரும் ஒரே பேரைத்தான் மென்றுகொண்டிருந்தார்கள்.

மச்சினனுக்கும் அது தெரியும். அவன் ஏட்டின் இடுப்பில் தொங்கிய விலங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"படத்தைக் காட்டுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர்.

போட்டோகிராபர் கார்டைக் காமிராவில் செருகி, சின்னத் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

அருமையான படம். சரிவின் விளிம்பிலிருந்து கீழ் நோக்கி எடுத்தது. மஞ்சள் காரின் மூக்கைத் தூண் மறைத்தது. ஆனால் கதவு திறந்திருப்பதும், ஒரு காலை வெளியே வைத்து மச்சினன் இறங்குவதும், முன் சக்கரமும், அதன் கம்பிகளில் விழுந்த வெயிலும் கண்ணாடி மாதிரித் தெரிந்தன.

"எப்ப எடுத்தது?"

"உறுமல் முடிஞ்சு ஒரு நிமிஷம் இருக்கும் மேடம். எட்டிப் பாத்தேன். இவன் காரை நிறுத்திட்டு இறங்கறான். ஏதோ தோணிச்சு... அழுத்திட்டேன்."

"நேரம் எதுவும் காட்டலையே?"

"பாட்டரி மாத்தினா காமிரா கடிகாரம் அழிஞ்சுடும். நான் திருப்பி வைக்கறதே இல்லை."

"அது காலைல நான் காரை நிறுத்தினப்ப எடுத்தது மேடம்," என்றான் மச்சினன். "நிறுத்தினதுக்கப்புறம் நான் அந்தக் கார்கிட்டயே போகலை."

"அப்ப பேய் ஓட்டுச்சா?" என்றார் மார்பிள்காரர். "அன்னிக்கே உங்கக்காகிட்ட சொன்னேன், இவனை வெளியூருக்கு அனுப்புன்னு. தம்பி தம்பின்னு தலைல தூக்கி வச்சா. இப்ப என் காரையும் சேத்துத் தூக்கிட்டுப் போகப்போறாங்க."

"ஆள் போறது பரவாயில்லை, கார் போறதுதான் கஷ்டமா இருக்கு இல்லை?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"ஆளு திரும்பி வந்துடுவான் மேடம். உதடு கப்பல்ல வரணும்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வேறு ஒன்று கேட்டாள். எல்லா கார்களும் மொட்டை மாடியில் நிற்கும்போது இது மட்டும் ஏன் நாலாவது தளத்தில் தனியாக?

மார்பிள்காரரின் முகம் சிவந்தது. கையை போட்டோகிராபர் பக்கம் வீசினார்.

"இந்த ஆளாலதான்."

காலையில் நடந்த சண்டையை அவர் சொல்லச் சொல்ல ஏட்டுக்கே சிரிப்பு வந்தது. மஞ்சள் காரின் சக்கரங்களின் நடுவில் வெள்ளியில் ஒரு பருந்துச் சின்னம் உண்டு. போட்டோகிராபருக்கு ஒரு வியாதி. எந்தக் காராக இருந்தாலும் முன் சக்கரத்தை லேசாக ஒடித்துத் திருப்பி, அதன் முகம் காமிராவைப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள சின்னம் நேராக நிற்க வேண்டும். அதுவரை காரை முன்னாடி தள்ளு, பின்னாடி தள்ளு என்று உயிரை எடுப்பான். மார்பிள்காரர் காரை நிறுத்தியபோது பருந்து தலைகீழாக நின்றது. அரை அடி உருட்டச் சொன்னான். முடியாது என்றார். உருட்டாமல் எடுக்க மாட்டேன் என்றான்.

"என் பருந்து தலைகீழா தொங்கினா உனக்கென்னய்யா, வௌவால்னு நினைச்சுக்கோன்னேன். பருந்தைக் கூட நேரா நிறுத்தத் தெரியாதவங்களுக்கெல்லாம் எதுக்கு இந்த காருன்னு கேட்டான் மேடம். அத்தனை பேர் முன்னாடி. போடான்னுட்டுக் காரைக் கீழ கொண்டுபோய் நிறுத்தச் சொல்லிட்டேன்."

"நான் சொன்னது தப்பா?" என்றான் போட்டோகிராபர். "கோணலா நிக்கற சக்கரம் அழுக்குப் பல்லு மாதிரி மேடம். படத்துல அது மட்டும்தான் தெரியும்."

"டாக்டர் இருந்திருந்தா ரசிச்சிருப்பார்," என்றாள் அவள்.

பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். சலித்துக்கொண்டாள். இலாகா போட்டோகிராபர் வருவதற்கு நேரமாகுமாம். காரை இழுத்துக்கொண்டு போகிறதுக்குள் ரெண்டு படம் வேண்டும். ஊரிலேயே நல்ல ஆள் கூடவே இருக்கும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும்?

போட்டோகிராபரின் முதுகு நிமிர்ந்தது.

"தாராளமா மேடம்."

எல்லாரும் நாலாவது தளத்துக்கு ஏறினார்கள். மச்சினனின் மணிக்கட்டில் ஏட்டின் பிடி. போகிற வழியில் அவன் போன் அடித்தது. அக்கா. எடுக்கவா என்று கண்ணால் கேட்டான். ஏட்டு தலையாட்டவில்லை. போன் அடித்து ஓய்ந்தது.

மஞ்சள் கார் தூண் ஓரமாக நின்றது.

போட்டோகிராபர் பக்கவாட்டில் போனான். தூணை விட்டு விலகினான். ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான்.

க்ளிக்.

எழுந்தான். முன்பக்கம் வந்து உடைந்த உதட்டை எடுத்தான்.

க்ளிக்.

"போதுமா மேடம்?"

"போதும்." கையை நீட்டினாள். "குடுங்க, பாக்கலாம்."

முதல் படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கினாள். பிறகு பின்னால் போய், மச்சினன் இறங்குகிற படத்தை எடுத்து அதையும் பெரிதாக்கினாள். திரும்ப முதல் படம். திரும்ப இது.

காமிராவைத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"ஒரு சந்தேகம்," என்றாள். "இன்னிக்கு மேல எத்தனை கார் எடுத்தீங்க?"

"எல்லாத்தையும் எடுத்தேன்."

"எல்லாரையும் காரைத் தள்ளச் சொன்னீங்களா?"

"சொல்லித்தானே ஆகணும். யாருக்கும் நிறுத்தத் தெரியாது."

"இதை மட்டும் ஏன் தள்ளச் சொல்லலை?"

போட்டோகிராபர் சிரித்தான். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றது.

"இது... போலீஸ் விஷயம். தொடக் கூடாதில்லையா?"

"தள்ளக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும். நீங்க கேக்கவே இல்லையே. உக்காந்தீங்க, ஒரு தடவை பாத்தீங்க, அழுத்திட்டீங்க. ஏன்னா தள்ள வேண்டியதே இல்லை." காமிராவைத் திருப்பிப் பிடித்தாள். "சக்கரம் அழகா ஒடிஞ்சு இந்தப் பக்கம் பாக்குது. பருந்து ஜம்முன்னு நேரா நிக்குது."

மார்பிள்காரர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். வாய் பிளந்தது. "அட... ஆமா."

"இப்ப உங்க இன்னொரு படம். உறுமல் முடிஞ்சு, கொலை பண்ணிட்டு, காரை நிறுத்திட்டு இறங்கறான்னு சொன்னீங்களே, அது. இதுல சக்கரம் நேரா முன்னாடி பாக்குது. பருந்து தலைகீழா தொங்குது. வௌவால்."

மச்சினன் ஏட்டின் பிடியை மறந்து ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"மச்சினன் சொன்னதுதான் நிஜம். இது காலைல, சண்டைக்கப்புறம், கோணலா நிக்கறதைக் கேலி பண்ண எடுத்தது," என்றாள் இன்ஸ்பெக்டர். "கார் அப்புறம்தான் நகந்திருக்கு. திரும்பி வந்து நின்னப்ப, ஓட்டினவன் அவன் பாட்டுக்கு விட்டுட்டு ஓடியிருக்கலாம். ஓடலை. சக்கரத்தை ஒடிச்சு, இறங்கிப் பாத்து, அரை அடி உருட்டி, பருந்தை நிமித்தி வச்சுட்டுப் போயிருக்கான். கொலை பண்ணின கையால. இந்தக் கட்டடத்துல அப்பிடி ஒரு வியாதி யாருக்கு இருக்கு?"

"அதுவா நின்னிருக்கும்..."

"நான் தினம் ஜீப்பை நிறுத்தறேன். கோட்டுக்குள்ளகூட அதுவா நிக்காது."

போட்டோகிராபர் இரண்டடி பின்னால் போனான். முதுகில் தூண் இடித்தது. நான் எங்கே மேல் மாடியை விட்டு வந்தேன், உறுமலை வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததை அத்தனை பேரும் பார்த்தார்களே என்றான். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

"முக்காலி மேல காமிரா நின்னுச்சு. அதைத்தான் பாத்தாங்க. காமிரா நின்னா ஆளும் நிக்கறதா நினைச்சுட்டாங்க."

"சாவி? சாவி இவன்கிட்ட இல்லையா இருந்துச்சு?"

அவள் மச்சினன் பக்கம் திரும்பினாள். "இந்த ஜாக்கெட்டைக் காலைலேருந்து கழட்டவே இல்லையா?"

"இல்லை மேடம்... இருங்க..." அவன் கண்கள் மெதுவாக விரிந்தன. "படம் எடுக்கறப்ப இந்த போட்டோகிராபர்தான் கழட்டச் சொன்னார். நான் நடமாடற பக்கமெல்லாம் கார் பெயிண்ட்ல சிவப்பு அடிக்குது, கழட்டிட்டு வான்னார். அவரோட பை மேலதான் போட்டேன். எல்லாம் முடிஞ்சப்புறம் எடுத்து மாட்டினேன். சாவி அதுலயே இருந்துச்சு... அதனால..."

"அதனால உன்னை விட்டுப் போகவே இல்லைன்னு நினைச்சுட்டே."

மார்பிள்காரர் மச்சினனின் தோளில் கை வைக்க வந்தார். அவன் தோளை இழுத்துக்கொண்டான்.

போட்டோகிராபர் ஓடப் பார்த்தான். சரிவுப் பக்கம் ஏட்டு நின்றார். இந்த முறை அடுத்த வளைவில் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

விலங்கு பூட்டும்போது அவன் முகம் மாறிப்போயிருந்தது. மரியாதையெல்லாம் உதிர்ந்துவிட்டது.

"அந்த ஆளை வேற என்ன செய்யச் சொல்றீங்க? நேத்து ராத்திரி போன் பண்ணி, எல்லார் வீட்டு ஷெட்டுலயும் நான் எடுத்த படம் அத்தனையும் அனுப்புன்னான். அனுப்பினேன். காலைல என் மூஞ்சியையே பாக்கலை. போனைக் காதுல வச்சுக்கிட்டு சரிவுல தனியா இறங்கினான். போலீஸைத்தான் கூப்பிடறான்னு புரிஞ்சு போச்சு. இவனோட ஜாக்கெட் கைக்கெட்டின தூரத்துல கெடக்குது..."

"அந்தப் படங்களைத்தான் திருட்டுக் கும்பலுக்கும் வித்தே."

அவன் பார்வையைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டான். அதுவே போதுமாக இருந்தது.

"ஒண்ணு மட்டும் சரியாக் கண்டுபுடிச்சே," என்றாள் இன்ஸ்பெக்டர். "டாக்டர் என்கிட்டதான் பேசிட்டிருந்தார். நான் கீழ ஜீப்புல காத்துட்டிருந்தேன். கூட்டத்துல அவர் பேரைச் சொன்னதும் மேல வந்து ஆளைக் கூட்டிட்டுப் போகணும்னு ஏற்பாடு. என்னை அழைச்சுட்டுப் போகத்தான் இறங்கி வந்தார்."

"தெரியுமே. என் பேரைத்தான்..."

"இல்லை."

அவள் மச்சினனைக் கையால் காட்டினாள்.

"இவன் பேர். ஒவ்வொரு ஷெட் படத்துலயும் பின்னாடி எங்கயாவது இவன் நின்னுட்டிருந்தானாம், துணியும் பக்கெட்டுமா. அதுக்காகத்தான் படத்தைக் கேட்டிருக்கார். எடுத்தவனைப் பத்தி அவர் நினைக்கவே இல்லை. நீ பேசாம மேல நின்னு வீடியோ எடுத்திருந்தா, இந்நேரம் இவன் உள்ள, நீ அடுத்த கார் பக்கம் போயிருப்பே."

போட்டோகிராபர் விலங்குக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டான். ஏட்டு அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

மச்சினன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப... இவர் கொலை பண்ணலேன்னா, நான்தான் இப்ப அந்த ஜீப்புல இருந்திருப்பேனா?"

"இடம்கூட ஒழிச்சு வச்சிருந்தேன்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

தரைத் தளத்தில் ஜீப் இரண்டு கோடுகளுக்கும் குறுக்கே, போட்டது போட்டபடி நின்றுகொண்டிருந்தது. போட்டோகிராபரைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். மச்சினன் போனை எடுத்தான். அக்காவுக்குப் பேசத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, பின் சீட்டில் இருந்த போட்டோகிராபரைப் பார்த்தான்.

"அண்ணே, ஒரு நிமிஷம். ஜீப்பை அரை அடி முன்னாடி உருட்டச் சொல்லட்டுமா? சக்கரம் அழுக்குப் பல்லு மாதிரி கோணலா நிக்குது."